எண்பது டிகிரி: உடைந்த ஒரு கத்தியும் உலைச்சூட்டின் வரலாறும்

அம்மாவுக்கு நான் செய்துகொடுத்த கத்தி மூன்றாம் நாளே உடைந்துவிட்டது. தேங்காயை ஓட்டிலிருந்து நெம்பி எடுத்திருக்கிறார். நுனியில் இரண்டு அங்குலம் பட்டென்று முறிந்து சுவரில் போய்த் தெறித்திருக்கிறது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. "ஒடஞ்சு போச்சுடா, ஆசாரிகிட்ட குடுத்துப் பாக்குறேன்" என்று போனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. அந்தத் துண்டு கண்ணில் பட்டிருந்தால்?

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நேராகக் கொல்லப் பட்டறைக்குப் போனேன். பெரியவர் உடைந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடு மிஞ்சிப் போச்சு தம்பி. பாருங்க, சீனி மாதிரி மணிமணியா நிக்குது. சரியான சூட்டுல தோய்ச்சிருந்தா சாம்பல் பூசுன மாதிரி நைசா இருக்கும்."

"இல்லீங்கய்யா, மெஷின்ல சரியா 790 டிகிரி வச்சுத்தான் எடுத்தேன்."

"மெஷின் அப்படிச் சொல்லுதா? இரும்பு வேற சொல்லுதே."

நான் இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். திரையில் வரும் எண்ணை நம்புவது தொழில் பழக்கம். அவர் சொன்னது சரியா, என் மெஷின் சொன்னது சரியா என்று கண்டுபிடிக்கக் கிளம்பியதில், "இரும்பு எவ்வளவு சூடாக இருக்கிறது" என்ற கேள்விக்கு மனிதர்கள் பதில் தேடிய கதை முழுவதையும் படிக்க வேண்டியதாகிவிட்டது. இது அந்தக் குறிப்புகளின் தொகுப்பு.

என் மெஷின்

பெரிய மெஷின் எல்லாம் இல்லை. வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் இடத்தில் ஒரு மின் உலை. எடை குறைந்த, காற்றறைகள் நிறைந்த வெப்பக்காப்புச் செங்கற்களை அடுக்கி, இரும்புச் சட்டத்தில் இறுக்கி, செங்கல்லில் வெட்டிய காடியில் சுருள் கம்பி பதித்தது. கம்பியின் மின்தடை சுமார் 21 ஓம். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர், 2500 வாட். பதினாறு ஆம்பியர் பிளக் தாங்கும். கதவைத் திறந்தால் மின்சாரம் தானே நின்றுவிட ஒரு சுவிட்ச். பின்சுவர் வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தெர்மோகப்பிள். அங்கிருந்து ஒரு கேபிள், சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு. பக்கத்தில் மூடி போட்ட இரும்பு டப்பாவில் கடலை எண்ணெய், ஒரு தீயணைப்பான். அவ்வளவுதான்.

கத்தி ஒரு பழைய அரத்திலிருந்து செய்தது. அரம் என்றால் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் கூடக் கரிமம் உள்ள உருக்கு. முதலில் அதை மென்மையாக்கி, வெட்டி, தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. பிறகு 790 டிகிரி. பத்து நிமிடம் போதும் என்று படித்திருந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று இருபது நிமிடம் வைத்தேன். எண்ணெயில் முக்கினேன். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை.

இந்த இரண்டு படிகளும் ஏன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறைச் சூட்டில் இரும்பின் அணு அடுக்கில் கரிமத்துக்கு அனேகமாக இடமே கிடையாது. 727 டிகிரியைத் தாண்டியதும் அடுக்கு வேறு மாதிரி மாறத் தொடங்குகிறது. அந்தப் புது அடுக்கில் கரிமம் நன்றாகக் கரையும். அந்த நிலையில் சட்டென்று குளிர்வித்தால், வெளியேற நேரமில்லாமல் கரிமம் உள்ளே மாட்டிக்கொண்டு அடுக்கையே முறுக்கிவிடுகிறது. அந்த முறுக்கம்தான் கடினம். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி 200 டிகிரியில் சூடாக்கிக் கொஞ்சம் தளர்த்துகிறோம். முதல் படிக்குத்தான் ஊரில் தோய்ச்சல் என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், 727-ஐத் தாண்டினால் போதாது. ரொம்பவும் தாண்டக் கூடாது. சூடு கூடக்கூட உருக்கின் உள்ளே இருக்கும் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கும். மணி பெருத்த உருக்கு எளிதில் முறியும். சரியான சாளரம் ஐம்பது டிகிரி அகலம்கூட இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக மனிதர்கள் நல்ல கத்தி செய்திருக்கிறார்கள். எப்படி?

எழுத முடிந்தது தண்ணீரைப் பற்றி மட்டும்

12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற பெயரில் ஒரு ஐரோப்பியத் துறவி கைவினைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இரும்புக் கருவிகளுக்குத் தோய்ச்சல் போடுவதற்கு ஒரு வழி: ஓர் ஆட்டுக் கிடாவை மூன்று நாள் பட்டினி போட்டுக் கட்டி வை, பிறகு பெரணிச் செடியை மட்டும் தின்னக் கொடு, அதன் சிறுநீரைப் பிடித்து அதில் இரும்பை முக்கு. அல்லது செம்பட்டை முடியுள்ள சிறுவனின் சிறுநீர். சாதாரணத் தண்ணீரைவிட இது உருக்கை இறுக்கும் என்கிறார்.

சிரிப்பு வருகிறது. ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை. பழுத்த இரும்பை வெறும் தண்ணீரில் போட்டால் அதைச் சுற்றி நீராவிப் போர்வை ஒன்று உருவாகிக் குளிர்ச்சியைத் தடுக்கும். உப்புள்ள நீரில் அந்தப் போர்வை சீக்கிரம் கிழிந்துவிடும். சிறுநீர் உப்பு நீர்தானே. கிடாவும் பெரணியும் செம்பட்டை முடியும்தான் உபரி.

1532-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இரும்பு, உருக்கு பற்றி ஒரு சிறு கையேடு அச்சானது. இந்தத் துறையில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று. அதிலும் பக்கம் பக்கமாக மூலிகைச் சாறு, மண்புழு என்று தோய்க்கும் நீருக்கான சரக்குகள்தான். நிறத்தைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள் மட்டும்.

ஏன் எல்லோரும் நீரையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்? எனக்குத் தோன்றுவது இது. நீரை எழுத முடியும். இன்ன செடி, இத்தனை நாள், இன்ன அளவு என்று பட்டியல் போடலாம். சூட்டை எழுத முடியாது. அதற்கு அலகு கிடையாது. "செர்ரிப் பழச் சிவப்பு" என்று எழுதலாம். ஆனால் எந்த வெளிச்சத்தில்? 800 டிகிரி இரும்பு நண்பகலில் மங்கலாகத் தெரியும், அதே இரும்பு இருட்டில் பளீரென்று எரியும். அதனால்தான் பல நாட்டுக் கொல்லர்கள் தோய்ச்சலை இருட்டறையிலோ பொழுது சாய்ந்த பிறகோ வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவரும் அப்படித்தான். அந்த நிறத்தை ஒருவர் பக்கத்தில் நின்று பத்து வருடம் பார்த்தால் கண்ணில் ஏறும். தாளில் ஏறாது. அதனால் உண்மையான ரகசியம் கண்ணிலிருந்து கண்ணுக்குப் போயிற்று. ஏட்டில் ஆட்டுக் கிடா தங்கிவிட்டது.

இதற்கு நல்ல உதாரணம் பிரெஞ்சு அறிஞர் ரியோமர். 1722-இல் உருக்கு செய்வது பற்றி விரிவான நூல் எழுதியவர். உடைந்த முகத்தின் மணியைப் பார்த்து உருக்கின் தரத்தை மதிப்பிட்டவர். பின்னால் 1730-இல் தன் பெயரிலேயே ஒரு வெப்பமானி அளவுகோலும் கொண்டுவந்தார். அதில் தண்ணீர் கொதிப்பது 80. அப்படிப்பட்டவரிடமும் உலைக்குள் நீட்டக்கூடிய வெப்பமானி இல்லை. கண்ணாடிக் குழாயும் திரவமும் அந்தச் சூட்டுக்குத் தாங்காது.

நம்மூர் உருக்கு லண்டனில் சந்தித்த தொல்லையும் இதே வகைதான். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய வூட்ஸ் எஃகைப் பம்பாயிலிருந்து அனுப்பி, அதைச் சோதித்து ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் உருக்குக்குப் பழகிய சூட்டில் அதை அடித்தால் சுத்தியலுக்கடியில் நொறுங்கும். கரிமம் மிகுந்த உருக்குக்குக் குறைந்த சூடுதான் தேவை. அவர்கள் கண் தவறான கண் இல்லை. வேறோர் இரும்புக்குப் பழகிய கண். அந்த வித்தியாசத்தை "இத்தனை டிகிரி குறைவாக வை" என்று கடிதத்தில் எழுதி அனுப்ப அன்று வழியே இல்லை.

சூரியனைவிடச் சூடான வார்ப்பிரும்பு

முதலில் துணிந்து எண் போட்டவர் ஒரு பீங்கான் வியாபாரி. இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட். களிமண் சுடும்போது சுருங்கும் இல்லையா? ஒரே அளவில் செய்த களிமண் வில்லைகளைச் சூளைக்குள் போட்டு, எடுத்து, குறுகிக்கொண்டே போகும் காடியுள்ள பித்தளைத் தகட்டில் நகர்த்திப் பார்த்தார். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு சுருக்கம், அவ்வளவு சூடு. 1782-இல் ராயல் சொசைட்டியில் விளக்கினார், அடுத்த வருடம் அங்கே உறுப்பினரானார்.

தன் சூளைக்குள் ஒப்பிட்டுப் பார்க்க அது அருமையான கருவி. ஆனால் அதை ஃபாரன்ஹீட்டோடு இணைக்கப் போனபோதுதான் கோளாறு. அவருடைய ஒரு பாகை 130 ஃபாரன்ஹீட் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கில் வார்ப்பிரும்பு உருகுவது 17,977 ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 10,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான்! உண்மையில் வார்ப்பிரும்பு 1,150 முதல் 1,200-க்குள் உருகிவிடும்.

தவறு எங்கே? சீராக நகரும் அளவுகோலை, சீராக மாறாத ஒன்றின் மேல் ஒட்டியது. இடையில் சரிபார்க்க, உருகுநிலை உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளும் அவரிடம் இல்லை. இந்த வரியை எழுதும்போது என் முகம் கொஞ்சம் சிவக்கிறது. காரணம் பின்னால் வரும்.

வெடித்த பீரங்கிகள்

உருக்குக்குள் கரிமம்தான் வித்தை காட்டுகிறது என்பதை 1786-இல் பிரான்சில் வாந்தர்மோந்த், பெர்த்தோலே, மோன்ஜ் மூவரும் தெளிவாக்கினார்கள். ஆனால் சூடு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் எண்பது வருடம் ஆனது. அதற்குக் காரணமாக இருந்தவை ரஷ்யாவின் பீரங்கிகள்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஓபுகோவ் ஆலையில் வார்த்து அடித்த உருக்குப் பீரங்கிகளில் சில நன்றாக நின்றன. சில சோதனையிலேயே வெடித்தன. வேதியியல் சோதனையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1866-இல் அங்கே சேர்ந்த இளம் பொறியாளர் டிமிட்ரி செர்னோவ், வெடித்த துண்டுகளின் உடைந்த முகத்தைப் பார்த்தார். மணி பெருத்திருந்தது. நின்ற பீரங்கிகளின் உருக்கில் மணி நைசாக இருந்தது.

(எங்கள் ஊர்ப் பட்டறையில் வெயிலில் திருப்பிப் பார்த்ததும் இதே முகத்தைத்தான்.)

பிறகு அவர் பட்டறையில் நின்று, உருக்கு சூடேறுவதையும் ஆறுவதையும் கவனித்தார். 1868-இல் ரஷ்யத் தொழில்நுட்பச் சங்கத்தில் தன் முடிவுகளைச் சொன்னார். உருக்கில் சில திருப்புப் புள்ளிகள் இருக்கின்றன. முதலாவதை 'ஏ' என்றார். அதற்குக் கீழே எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தாலும் உருக்கு இறுகாது. இரண்டாவது 'பி'. அதைத் தாண்டிச் சூடாக்கினால் பழைய பெரிய மணிகள் கலைந்து புதிதாக நைசான மணி உருவாகும். இன்னும் மேலே போனால் அந்த மணியும் பெருக்கும்.

இன்றைய வெப்பப் பதப்படுத்தல் முழுவதும் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கும். ஆனாலும் 'ஏ' என்பது மங்கலான செர்ரிச் சிவப்பு என்றுதான் செர்னோவால் சொல்ல முடிந்தது. கருத்து வந்துவிட்டது, எண் வரவில்லை.

இரண்டு கம்பிகள்

எண்ணைக் கொண்டுவந்த கருவியின் விதை 1821-இல் பெர்லினில் விழுந்தது. தாமஸ் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்திப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் திரும்பியது. சூட்டு வித்தியாசம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் வளையத்தில் மின்சாரம் ஓடியது. வெப்பமின்சாரம் என்ற பொருளில் பெயர் வைத்தவர் ஓர்ஸ்டெட்.

இதை வைத்து வெப்பமானி செய்யலாம் என்று பலர் முயன்றார்கள். எண்கள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. 1886 வாக்கில் பாரிஸில் லெ ஷாட்லியே அதைச் சரிக்கட்டினார். சிமென்ட், களிமண் ஆராய்ச்சிக்காக அவருக்கு உயர் வெப்பத்தை அளக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தூய பிளாட்டினம், இன்னொரு பக்கம் நூற்றுக்குப் பத்துப் பங்கு ரோடியம் கலந்த பிளாட்டினம். நீளம் முழுக்க ஒரே சீரான கம்பி. அதைவிட முக்கியம், தங்கம் போன்று உருகுநிலை தெரிந்த பொருள்களை வைத்துத் தன் கருவியைச் சரிபார்த்தது. வெட்ஜ்வுட் விட்ட இடத்தை அவர் பிடித்தார். அந்த ஜோடி இன்றும் 'எஸ் டைப்' என்ற பெயரில் விற்பனையில் இருக்கிறது.

அந்தக் கம்பியை எடுத்து உருக்குக்குள் வைத்தவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஃப்ளோரிஸ் ஒஸ்மோன். பழுத்த உருக்கு ஆறும்போது ஒவ்வொரு டிகிரி இறங்கவும் எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். சில இடங்களில் இறக்கம் தயங்கி நின்றது. அணு அடுக்கு மாறும்போது உள்ளிருந்து வெப்பம் வெளிவருகிறது, அதனால் தயக்கம். செர்னோவின் நிறங்களுக்கு இப்படி டிகிரி கிடைத்தது. தோய்த்த உருக்கின் உள்ளமைப்புக்கு ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்ஸ் நினைவாக 'மார்ட்டென்சைட்' என்று 1895-இல் பெயர் வைத்ததும் இவர்தான்.

இந்தத் தயக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதை 1873-இல் பாரெட் என்ற அயர்லாந்து ஆசிரியர் எழுதியிருந்தார். இருட்டில் ஆறிக்கொண்டிருக்கும் உருக்குக் கம்பி மங்கிக்கொண்டே வந்து, ஒரு கணம் திடீரென்று மறுபடி ஒளிரும். முதன்முறை என் உலைக் கதவைத் திறந்துவைத்து இதைப் பார்த்தபோது மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நிறத்தை நம்பியதால் தவறவிட்டது

எண் வந்ததால் என்ன லாபம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை. 1898 வாக்கில் பெத்லகேம் உருக்கு ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லரும் மான்செல் வைட்டும் கடைசல் இயந்திரக் கருவிகளைச் சோதித்தார்கள். கருவி உருக்கைச் செர்ரிச் சிவப்புக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, கெட்டுவிடும் என்பது கொல்லர்களின் உறுதியான விதி. சோதித்தால் அது சரிதான். 843 முதல் 927 டிகிரி வரை சூடாக்கிய கருவிகள் மட்டமாகிவிட்டன.

ஆனால் இவர்கள் அங்கே நிற்காமல், அளந்து அளந்து மேலே போனார்கள். டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த உருக்கை உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோனபோது, அது எல்லாவற்றையும்விடச் சிறந்த கருவியானது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கருவி, நுனி சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவியதைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அதிவேக உருக்கு என்று இன்று நாம் துளைபோடும் பிட்டில் பார்ப்பது இதன் வாரிசுதான்.

பரம்பரைக் கண் தவறு செய்யவில்லை. கெட்டுப்போகும் இடத்தைச் சரியாகச் சொன்னது. அதற்கு அப்பால் இன்னொரு நல்ல இடம் இருப்பதைத்தான் அதனால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்த உலை

மிச்சப் பாகங்கள் வேகமாக வந்தன. 1906-இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். சிவக்கப் பழுத்தாலும் துருவேறி உதிராத கம்பி. வீட்டு டோஸ்டரிலிருந்து தொழிற்சாலை உலை வரை அதனால்தான் சாத்தியமானது. நான் பயன்படுத்தும் கேந்தல் கம்பி, இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை, ஸ்வீடனில் பின்னால் வந்தது. பிளாட்டினத்துக்குப் பதிலாக நிக்கல் கலவைகளால் ஆன மலிவான 'கே டைப்' தெர்மோகப்பிளும் மார்ஷ் பணியாற்றிய வட்டத்திலிருந்தே வந்தது. டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். 800 டிகிரியிலும் மொத்தம் 33 மில்லிவோல்ட்தான்.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூளை கப்பலிலிருந்து வந்தது. 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பலைத் தானாகச் செலுத்துவது பற்றி எழுதினார். நல்ல மாலுமி, திசை எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சுக்கானைத் திருப்புகிறான். அதைச் சமன்பாடாக எழுதினால் பிஐடி. அதை எப்படிச் சரியாகத் திருகி வைப்பது என்று 1942-இல் ஸீக்லரும் நிக்கல்ஸும் எளிய வழி சொன்னார்கள். இன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள் அத்தனையும் அடங்கிவிட்டது.

இவையெல்லாம் தொழிற்சாலைக்குள் இருந்தவை. வீட்டுக் கொட்டகைக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், முக்கியமாக அமெரிக்காவில். அங்கே கையால் கத்தி அடிக்கும் கலை கிட்டத்தட்ட மறைந்திருந்தபோது, மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன் 1973-இல் அடுக்கு மடித்து அடித்த உருக்குக் கத்திகளைக் காட்சிக்கு வைத்தார். 1976-இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே தேர்வு உண்டு. ஒரே கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச் சட்டத்தை வெட்ட வேண்டும், அதற்குப் பிறகும் முடி மழிக்க வேண்டும். கடைசியில் அதே கத்தியைப் பிடியில் இறுக்கி 90 டிகிரி வளைக்க வேண்டும். முறியக் கூடாது. எண் தெரியாவிட்டாலும் இரும்பே மதிப்பெண் போட்டுவிடும்.

உலையில் அடிப்பவர்கள் கண்ணையும் காந்தத்தையும் நம்பினார்கள். பழுத்த இரும்பு காந்தத்தில் ஒட்டாது என்பதை 1600-லேயே கில்பர்ட் எழுதிவிட்டார். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி. பியர் கியூரி 1895-இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயர். ஆனால் துருப்பிடிக்காத உருக்கில் கத்தி செய்பவர்களுக்கு 1,000 டிகிரிக்கு மேல் நிமிடக் கணக்கில் நிலையாக வைத்திருக்க வேண்டும். கண்ணுக்கு அது முடியாது. அவர்கள் மட்பாண்டம் சுடும் பொழுதுபோக்குக்காரர்களின் சிறு மின் சூளையை எடுத்து நீளமாக்கிக்கொண்டார்கள். என் உலை அந்த வம்சம்.

உப்பு

சரி, என் கத்திக்கு வருவோம். காந்தம் எனக்கு உதவாது. 790-ஆக இருந்தாலும் 870-ஆக இருந்தாலும் காந்தம் ஒட்டாது. லெ ஷாட்லியே செய்ததைத்தான் செய்ய வேண்டும்: உருகுநிலை தெரிந்த ஒரு பொருள். தங்கத்துக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. சமையல் உப்பு இருக்கிறது. சோடியம் குளோரைடு உருகுவது 801 டிகிரியில்.

கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்கு ஒன்றில், வாணலியில் ஈரம் போக வறுத்த தூள் உப்பு ஒரு சிட்டிகை. (கல் உப்பு வேண்டாம், வெடித்துத் தெறிக்கும். நிறையவும் வேண்டாம், உப்பு ஆவி கம்பியைத் தின்னும்.) தெர்மோகப்பிள் நுனிக்குப் பக்கத்தில் வைத்து, ஐந்தைந்து டிகிரியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்தேன்.

திரையில் 720. உப்பு தண்ணீராகக் கிடந்தது.

மூன்று நாள், மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் 720-ஐ ஒட்டியே. என் மெஷின் 80 டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. திரையில் 790 என்றபோது உள்ளே 870. அந்தச் சூட்டில் இருபது நிமிடம் ஊறிய அரத்தின் மணி சீனியாகாமல் என்ன ஆகும்? பெரியவர் ஐந்து நொடியில் சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம்.

காரணம் இன்னும் கேவலமானது. முதல்நாள் உலையை இணைத்தபோது, சூடேற ஏற எண் இறங்கியது. கம்பி மாறிவிட்டது என்று பெட்டிப் பக்கத்தில் இரண்டு கம்பியையும் இடம் மாற்றினேன். எண் ஏறத் தொடங்கியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான பிழை உலைப் பக்கத்தில், தெர்மோகப்பிள் கேபிளோடு சேரும் இடத்தில். அமெரிக்க நிறக் குறியீட்டில் தெர்மோகப்பிளின் சிவப்புக் கம்பி எதிர்முனை. சிவப்பு என்றால் நேர்முனை என்று நானாக முடிவு செய்து, வேறு நாட்டுக் குறியீட்டில் இருந்த கேபிளின் நேர்முனையில் கோத்திருந்தேன்.

பெட்டியில் மாற்றியதும் தெர்மோகப்பிள் சரியாகிவிட்டது, கேபிள் தலைகீழாகிவிட்டது. கேபிளும் அதே வகை உலோகம்தான். அதன் இரு முனைக்கும் சூட்டு வித்தியாசம் இருந்தால் அதுவும் சீபெக் சொன்னபடி மின்னழுத்தம் தரும். உலையின் பின்சுவரை ஒட்டிய முனை 75 டிகிரி, பெட்டி 35 டிகிரி. கூட்ட வேண்டிய அந்த 40-ஐ என் கேபிள் கழித்தது. ஆக மொத்தம் 80 குறைவு. குளிர்ந்த உலையில் சோதித்தால் பிழையே தெரியாது. சூடு ஏற ஏறத்தான் தலைகாட்டும். இரண்டு தவறும் சேர்ந்து சரி மாதிரி தெரிகிற பிழையை ஆபீசில் வேறு யாராவது செய்திருந்தால் நான் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன்!

இரண்டு முனையிலும் சரியாக மாட்டிவிட்டு மறுபடி உப்பு வைத்தேன். 800-இல் உருகியது. அந்த அகல் இப்போது உலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை.

அதே அரத்தின் மிச்சத்தில் ஒரு சிறு துண்டைப் பத்தே நிமிடம் வைத்துத் தோய்த்து, அடுத்த முறை ஊருக்குப் போனபோது பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெரியவர் அதை அடைகல்லின் விளிம்பில் வைத்து ஒரே போடு. உடைந்த முகத்தை வெயிலில் காட்டினார். சாம்பல் பூசினாற்போல் இருந்தது.

"இது சரி. இப்ப மெஷின்ல எவ்வளவு வச்சீங்க?"

"790 தாங்கய்யா."

"அன்னைக்கும் அதத்தான சொன்னீங்க?"